ஞானஸ்நானம் வாங்காத பீர்

அத்தான்,

ஊரிலிருந்து கொண்டு வந்த பெட்டியை இப்போதுதான் திறந்தேன். மேலே கிடக்கிற சட்டைகளெல்லாம் சுக்கு வாசனை அடிக்கின்றன. அக்கா இடித்துக் கட்டிக் கொடுத்த பொட்டலம் வழியில் எங்கேயோ வாய் பிரிந்துவிட்டது. நாளைக்கு இந்தச் சட்டையோடு டூட்டிக்குப் போனால் வண்டியில் பக்கத்தில் உட்காருகிறவன் எனக்குச் சளி பிடித்திருக்கிறது என்று தள்ளி உட்காருவான். 'என்னது, உன் அக்கா சுக்கு இடிச்சாளா?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இடித்தாள் அத்தான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ரொம்ப அலுப்பாக இருக்கிறது. விமானத்தில் தூங்காத அலுப்பு மட்டும் இல்லை. நீங்கள் போனதிலிருந்து உங்களுக்காகப் பேசிப் பேசி வந்த அலுப்பு. ஷார்ஜா முவைலாவில் அதே கட்டடம், அதே ரூம், அதே ஏசி சத்தம். உங்கள் கட்டிலில் இப்போது ஒரு நேபாளி படுக்கிறான். நல்ல மனுஷன், குறட்டை மட்டும் உங்களைவிடக் கொஞ்சம் பலம். மூலையில் உங்கள் ஃப்ரிட்ஜ் அப்படியே நிற்கிறது. கதவிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாயில் அவன் துண்டைக் காயப் போடுகிறான்.

உங்கள் வேலையை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது. குடியை விட்ட மனுஷனுக்கு ஆண்டவர் கொடுத்த உத்தியோகம், துபாய் ஹோட்டல் பார்களில் பீர் வரும் குழாய்களைக் கழுவுவது! காலையில் வேனில் ஏறிப் போய், பீப்பாயிலிருந்து மேசைக் குழாய்வரை ஓடும் லைன் முழுக்க மருந்து விட்டு, தண்ணீர் விட்டு, கடைசியில் பீரையே விட்டு, மருந்து நெடி போய்விட்டதா என்று ஒரு வாய் ருசி பார்க்க வேண்டும். அந்த ஒரு வாய்தான் உங்களுக்கு ஆகாது. ருசி பார்க்கச் சொல்லி யாராவது கிளாஸை நீட்டினால் அரபியில் இல்லை என்கிற மாதிரி "மாஃபி, நோன்பு" என்பீர்களாம். அங்கே நின்ற பிலிப்பைன்ஸ்காரன் உங்கள் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு, "பாய், உனக்கு வருசம் பூரா ரம்ஜானா?" என்று கேட்டதை நீங்களே சொல்லிச் சிரித்தீர்கள். கழுவிய குழாயில் வரும் முதல் கிளாஸை அவன் குடித்துப் பார்த்துக் கட்டை விரலைத் தூக்குவான். நீங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு வேனுக்கு வருவீர்கள்.

அக்காவுக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை. பிடிக்குமா? நீங்கள் குடித்த காலத்தில் அவள் பட்டது எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். கடைசியில் கல்குகை மாதிரிக் கட்டிய கெபியில் மாதா முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி அதன்மேல் கை வைத்துச் சத்தியம் பண்ணினீர்கள். அப்புறம் வந்த நாட்களில் கை நடுங்கும்போதெல்லாம் அக்கா சுக்கும் கருப்பட்டியும் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஒரு பெரிய டம்ளரில் கொண்டுவந்து உங்கள் கையில் திணிப்பாள். "இதக் குடியுங்கோ. தொண்டை எரியணும், அம்புட்டுத்தானே? இது எரிக்கும்" என்பாள். நீங்கள் திரும்ப விமானம் ஏறும்போது அவள் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. இன்னொரு தரம் தொட்டால் வீட்டுக்கு வர வேண்டாம், போனும் பண்ண வேண்டாம்.

அந்தக் கட்டளைக்குத் தினசரி காவல் நான். வெள்ளிக்கிழமை வீடியோ காலில் முதலில் என்னிடம் பேசுவாள். "அவிய எப்படி இருக்காவ? அவிய கண்ணு செவந்திருக்கா?" அப்புறம் போனை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கச் சொல்வாள். நீங்கள் கண்ணை உருட்டிக் காட்டுவீர்கள், நாக்கை நீட்டிக் காட்டுவீர்கள். அக்கா என்கிற டாக்டர் திருப்தியான பிறகுதான் வீட்டு விசேஷம் எல்லாம் வரும். நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் புருஷனை 'அவிய' என்றுதான் சொல்கிறார்கள். ஆனாலும் அக்கா வாயில் அந்தச் சொல்லைக் கேட்கும்போது உங்கள் முகம் ஒரு மாதிரி மலரும். அதை நான் கவனித்திருக்கிறேன்.

குடியை விட்டதும் கூட்டமும் விட்டுப் போயிற்று. முன்பு வெள்ளிக்கிழமையானால் நம் ரூமில் உட்கார இடம் இருக்காது. பிறகு யாரும் வருவதில்லை. வந்தாலும் டீயைக் குடித்துவிட்டு அரை மணியில் கிளம்பிவிடுவார்கள். ஒருநாள் உங்கள் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு சொன்னீர்கள்: "லேய் மக்கா, குடி போனதுல எனக்குத் துக்கம் இல்ல. கை சும்மா இருக்கு பாத்தியா, அதுதான் தாங்க முடியல. ஒரு குழாயத் திறக்கணும், நுரையோட ஒரு கிளாஸ நெறைக்கணும், ஒருத்தனுக்கு நீட்டணும். அம்புட்டுதான்."

அதிலிருந்து தொடங்கியது அந்தக் கிறுக்கு. சோடா கம்பெனி கழித்துப் போட்ட எவர்சில்வர் பீப்பாய் இரண்டு, இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஏதோ ஒரு பார் மாற்றிப் போட்ட பழைய குழாய் இரண்டைக் கேட்டு வாங்கி வந்தீர்கள். தீயணைப்பு சிலிண்டருக்கு கேஸ் அடிக்கிற கடையில் சின்ன சிலிண்டர் ஒன்று. ஃப்ரிட்ஜ் என்னுடைய தலையில். சைட்டில் கழித்ததை நான்தான் கெஞ்சி வாங்கி, கம்ப்ரஸர் மாற்றிக் கொடுத்தேன். ஓட்டை எங்கே போடுவது என்று நமக்குள் ஒரு சண்டை. பக்கவாட்டில் போடலாம் என்றீர்கள். பக்கவாட்டில் கேஸ் பைப் ஓடும், துளைத்தால் ஃப்ரிட்ஜே காலி, கதவில்தான் எதுவும் கிடையாது என்று நான் கத்தினேன். ஏசி மெக்கானிக் பேச்சுக்கு அன்றைக்கு ஒருநாளாவது மரியாதை கிடைத்தது.

பீப்பாயில் ஊற்ற நீங்கள் காய்ச்சியது என்ன? பார்லியைக் கருக வறுத்து வேகவைத்த தண்ணீர், அதில் சுக்கு, கருப்பட்டி, எலுமிச்சை. பீருக்கு வேண்டியதில் பாதி உண்டு, ஈஸ்ட் மட்டும் கிடையாது. ஆறவைத்து வடிகட்டி, பீப்பாயை மூடி, கேஸைத் திறந்து ஃப்ரிட்ஜில் வைத்தோம். எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று ஒரு அமெரிக்காக்காரன் வீடியோவில் பன்னிரண்டு என்று சொல்லியிருந்தான். அவன் சொன்னது பவுண்டு கணக்கு. நம்முடைய மீட்டரிலோ உள்வட்டத்தில் ஒரு கணக்கு, வெளிவட்டத்தில் ஒரு கணக்கு. பார் லைனையே தொழிலாகச் செய்கிற நீங்களும், நாள் முழுக்க மீட்டர் பார்க்கிற நானும் சேர்ந்து தப்பான வட்டத்தைப் பார்த்து முறுக்கிவிட்டோம். முள் நாம் கேட்ட இடத்துக்கு வரவில்லை என்று இன்னும் முறுக்கினீர்கள்! குழாயைத் தொட்டதும் கருப்பட்டி நுரை கூரைவரை அடித்தது. சுவரில் மாதா காலண்டர், உங்கள் மீசை, என் பிரியாணிப் பொட்டலம், எதுவும் தப்பவில்லை. "புனிதத் தண்ணி தெளிச்சாச்சு, இனி நல்லா வரும்" என்று துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்.

பிறகு அழுத்தத்தைக் குறைத்தோம், அப்போதும் நுரைதான். ஓஸ் குட்டையாக இருக்கிறது என்று நீங்கள் கண்டுபிடித்து, நீளமான மெல்லிய ஓஸ் வாங்கி வந்து ஃப்ரிட்ஜுக்குள் சுருட்டி வைத்தீர்கள். நீள ஓஸில் ஓடி வரும்போது வேகம் அடங்கிவிடுமாம். ஒரு வாரம் கழித்துக் குழாயைத் திறந்தால் கிளாஸில் கறுப்பாக இறங்கி, மேலே இரண்டு விரல் அளவு நுரையோடு நின்றது. முதல் கிளாஸை எனக்கு நீட்டினீர்கள். நான் அடுத்ததைப் பிடிக்கக் குழாயைப் பயந்து பயந்து பாதி திறந்தேன். எல்லாம் நுரையாக வந்தது. என் கையைத் தட்டிவிட்டுச் சொன்னீர்கள்: "தொறந்தா முழுசாத் தொற, இல்லன்னா மூடி வை. பாதியில பிடிச்சா நுரைதான் வரும்."

வாட்ச்மேன் வந்தது அடுத்த வெள்ளி. மதுவே கூடாத ஷார்ஜாவில் ரூமுக்குள் பீர்க் குழாய் என்றால் சும்மாவா? யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கதவில் நின்ற பாகிஸ்தான் பட்டாணியரின் முகம் இறுகிப் போயிருந்தது. நான் ஃப்ரிட்ஜை மறைத்து நின்றேன். நீங்களோ ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமல் ஒரு கிளாஸ் பிடித்து அவர் கையில் கொடுத்தீர்கள். அவர் தூரத்தில் வைத்து முகர்ந்தார். பக்கத்தில் வைத்து முகர்ந்தார். "அத்ரக்!" என்றார். இஞ்சி. ஒரு வாய் குடித்தார், கிளாஸ் காலியானது, இன்னொன்று கேட்டார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் அவர் நேராக நம் ரூமுக்குத்தான் வருவார். கூட்டமும் திரும்ப வந்தது. இதற்கு என்ன பெயர் என்று யாரோ கேட்டபோது, "இதாம்லே ஞானஸ்நானம் வாங்காத பீர். ஈஸ்ட்டு தலையில படல, அதனால இன்னும் பீர் ஆவல" என்றீர்கள். ரூமே குலுங்கிச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அக்காவிடம் சொல்லிவிடுங்கள் என்று அப்போதே சொன்னேன். நீங்கள் கேட்கவில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்கு ஒரு பீப்பாயைக் கையோடு கொண்டுபோய், வீட்டில் வைத்து, முதல் கிளாஸை அவளுக்குக் கொடுக்க வேண்டும். அதுவரை மூச்சு விடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. புதுப் பொண்டாட்டிக்குப் புடவை வாங்கி ஒளித்து வைத்திருக்கிறவரைப் போல இருந்தீர்கள்.

அதற்குள் நம் ஊர்க்காரர் ஒருவர் உங்களைப் படம் எடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டார். ஒரு கை குழாயில், ஒரு கையில் நுரை ததும்பும் கறுப்புக் கிளாஸ், முகத்தில் முப்பத்திரண்டு பல். கீழே, 'அண்ணன் கையால ஞானஸ்நானம் வாங்காத பீர்.' அவர் கெட்டவர் இல்லை. ரூமில் சிரித்த சிரிப்பு ஊரிலும் சிரிக்கும் என்று நினைத்தார். ஊர் வாசித்தது கடைசிச் சொல்லை மட்டும்.

அக்கா உங்களைக் கூப்பிடவில்லை. என்னைக் கூப்பிட்டாள். "உன் அத்தானுக்க படத்தப் பாத்தேன்" என்றாள். அதைக் கேட்டதும் எனக்கு உள்ளே ஏதோ அறுந்தது. 'அவிய' போய் 'உன் அத்தான்' வந்துவிட்டது. நான் சுக்கு, கருப்பட்டி, பார்லி என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். "நீ எந்தக் காலத்துலலே அவருக்கு எதிரா பேசியிருக்க? சவத்த விடு" என்று வைத்துவிட்டாள். உங்கள் நம்பரைத் தடுத்தும் வைத்துவிட்டாள்.

வேறு எவனாக இருந்தாலும் துடித்திருப்பான், நாலு பேரைப் பிடித்துத் தூது விட்டிருப்பான். நீங்கள் கிளாஸ்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "போன்ல ருசி போவாது மக்கா. நேர்ல போய் ஒரு கிளாஸ் ஊத்தி நீட்டுனா முடிஞ்சு போச்சு. வாட்ச்மேன் நம்பல?" என்றீர்கள். சொல்லும்போது சிரிக்கத்தான் செய்தீர்கள். ஆனால் வெள்ளிக்கிழமை அவள் கூப்பிடும் நேரம் வந்ததும் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவீர்கள். கண்ணை உருட்டிக் காட்டச் சொல்ல ஆள் இல்லாமல் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் முகத்தை என்னால் மறக்க முடியவில்லை, அத்தான்.

கிறிஸ்துமஸ் வரவில்லை. அதற்கு முன்பே ஒரு பார் லைனைக் கழுவி முடித்து வேனில் ஏறினவர் இருக்கையிலேயே சாய்ந்துவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்றார்கள். உங்களைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டு போனவன் நான்தான். அடக்கத்துக்கு வந்த கூட்டம் பந்தலுக்கு வெளியே நின்று பேசியது என் காதில் விழுந்தது. "விட்டுட்டேன்னு சொல்லிட்டு அங்க போய் குழாய் வச்சுக் குடிச்சிருக்காரு." அக்கா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. நெற்றியில் முத்தம் கொடுக்கச் சொன்னபோது குனிந்தாள், நிமிர்ந்தாள். நான் பக்கத்தில் போய்ச் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினாள். "செத்துட்டாருலா. இனியாவது அவருக்கு வக்காலத்து வாங்காதலே" என்றாள்.

அதன்பிறகு எத்தனை பேரிடம் பேசியிருப்பேன்! பங்குச் சாமியார், உங்கள் தம்பி, மீன் ஏலம் போடுகிறவர், கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள், பாவம் மச்சினன் என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். உண்மையைச் சொல்கிறவனுக்கு இவ்வளவு களைப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு கட்டத்தில் நானே உங்களைக் குடிகாரன் என்று ஒத்துக்கொண்டு தூங்கலாமா என்றுகூட இருந்தது. அவ்வளவு அலுத்துவிட்டேன்.

இந்தத் தடவை கல்லறைத் திருநாளுக்கு லீவு கேட்டேன், கிடைத்தது. பேசுவதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு, ஒரு பீப்பாயையும் ஓஸையும் ரெகுலேட்டரையும் கதவிலிருந்த குழாயையும் கார்கோவில் போட்டு முன்னால் அனுப்பினேன், கதவில் மற்றக் குழாயை மாட்டினேன். சிலிண்டரை அவர்கள் ஏற்றமாட்டார்கள். அதை ஊரில் சோடா கம்பெனிக்காரரிடம் இரவல் வாங்கினேன். நம் ஊர் சிலிண்டர் வாயில் இந்த ஊர் ரெகுலேட்டர் மரை ஏறவில்லை. நாகர்கோவிலில் லேத் பட்டறையில் நின்று ஒரு பித்தளை இணைப்பு கடைந்து வாங்கினேன். பீப்பாய் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜில் நுழையாது. துறைமுகத்தில் ஐஸ் வாங்கி, மீன் பெட்டிக்குள் அதை நிறுத்தினேன். காய்ச்சியது எங்கள் அம்மா வீட்டில். உங்கள் அளவு, உங்கள் கைப்பிடி. அப்போதுகூட அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

கேஸ் ஏறியதும் பெட்டியோடு அவள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற கல் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கினேன். குழாயைப் பார்த்ததும் அவளுக்கு முகம் கறுத்துவிட்டது. படத்தில் பார்த்த அதே குழாய்.

"எதுக்குலே அந்தச் சவத்த என் வீட்டுக்குக் கொண்டு வந்த?"

நான் ஒரு கிளாஸை மட்டும் கல்மேல் வைத்தேன்.

"என்ன, என்னையும் குடிக்கச் சொல்லுதியா?"

"நீயே பிடிச்சு, மோந்து மட்டும் பாரு அக்கா. பொறவு தூக்கிக் கடல்ல போட்டுருதேன்."

முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு கிளாஸை எடுத்து, பாம்பைத் தொடுவதுபோல் குழாயைத் தொட்டுக் கொஞ்சமாகத் திறந்தாள். புஸ் என்று நுரையாக வந்தது. "பாத்தியா? பீருதானே" என்றாள். அவள் குரலில் ஜெயித்த சந்தோஷம் கொஞ்சமும் இல்லை. அதுவரை பேசாமல் இருந்தவனுக்கு வாய் தானாக வந்தது.

"முழுசாத் தொற அக்கா. பாதியில பிடிச்சா நுரைதான் வரும்னு அத்தான் சொல்லுவாவ."

என்னை ஒரு பார்வை பார்த்தாள். நுரையைக் கீழே கொட்டிவிட்டு முழுதாகத் திறந்தாள். சத்தமில்லாமல் கறுப்பாக இறங்கி நிறைந்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். வாயிலேயே வைத்திருந்து மெதுவாக விழுங்கினாள்.

"இது நான் போடுத சுக்குத் தண்ணிலா" என்றாள்.

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் மிச்சத்தையும் குடித்தாள், கிளாஸின் அடியைப் பார்த்தாள். "சுக்கு கூடிப் போச்சு. அவிய இப்படித்தான், அளவு தெரியாம கை நெறைய அள்ளிப் போடுவாவ" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே அந்தச் சொல் காதில் விழுந்தது போல. துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, அடக்கத்தன்று வராத அழுகையை எல்லாம் அழுதாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல். உங்கள் திட்டப்படி நீங்கள் நின்று ஊற்றியிருக்க வேண்டிய கிளாஸ் அது. அந்த வருத்தம் எனக்குத் தீராது.

கல்லறைத் திருநாளன்று சாயங்காலம் உங்கள் குழிமேல் பூ வைத்து, மெழுகுவர்த்தியைக் காற்று அணைக்காமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த கல்லறைக்கு வந்த ஒரு பெரியம்மா அக்காவின் தோளைத் தடவி, "குடி மட்டும் இல்லன்னா இன்னும் இருந்திருப்பாரு பாவம்" என்றார். வழக்கம்போல் நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா முந்திக்கொண்டாள்.

"வீட்டுக்கு வாருங்கோ பெரியம்மா. அவிய குடிச்சதுல ஒரு கிளாஸ் தாரேன். குடிச்சுப் பாத்துட்டுப் பொறவு பேசுங்கோ."

அந்த அம்மா உண்மையாகவே வந்தார். அவர் பின்னாலே இன்னும் நாலைந்து பேர். அக்காவே குழாய்ப் பக்கத்தில் நின்றாள். ஒவ்வொரு தடவையும் முழுசாகத்தான் திறந்தாள்.

இனி உங்களுக்காக வழக்காடுகிற வேலை எனக்கு இல்லை, அத்தான். அதை அக்கா எடுத்துக்கொண்டாள். எனக்கு மிச்சம் இருப்பது உங்கள் ஒரு வாக்கியமும் ஒரு ஃப்ரிட்ஜும் இந்தப் பொட்டலமும்தான். கிளம்பும்போது அவள் அதைப் பெட்டியில் திணித்து, "அங்க இன்னொரு பீப்பா கிடக்குலா, அதச் சும்மா போடாத. ஆனா சுக்கு குறைச்சுப் போடு, கேட்டியா? அவியள மாதிரி அள்ளிக் கொட்டாத" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

நாளைக்கு டூட்டி முடிந்து வரும்போதே புது ஓஸும் ரெகுலேட்டரும் வாங்கி வந்து, நேபாளியின் துண்டை எடுத்துவிட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். வெள்ளிக்கிழமை வாட்ச்மேன் வருவார். நான் அள்ளித்தான் போடப் போகிறேன். அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள்.